முதலில் எழுந்து நின்றவர்



மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஒருவன் கிரிக்கெட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். தொழுகையையும் தொழிலையும் மறந்து விளையாட்டே கதியென்று கிடப்பதை நானும் ஆதரிப்பவன் அல்லன். ஆயினும், மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் போதுமென்று தாமே விலகும்வரை, பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்து நின்று அதனைக் காணச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் படிக்கிறோம். விளையாட்டைப் பார்ப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நான் எங்கே தவறவிட்டேன், எங்கே கண்டுகொண்டேன் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

1999ஆம் ஆண்டு ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இளங்கலை வரலாறு படித்துக் கொண்டிருந்தேன். சிவகங்கையில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. அடுத்த தெருவிலிருந்த கல்லூரி நண்பனின் வீட்டுக் கூடத்தில்தான் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே டெஸ்ட் போட்டியின் நான்காம் நாள்.

அந்தப் போட்டிக்கு ஒரு பின்னணி உண்டு. பாகிஸ்தான் அணி நம் நாட்டுக்கு வந்து டெஸ்ட் ஆடிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் ஆட்டம் தில்லியில் நடக்க வேண்டியது. அந்த அணி வரக்கூடாதென்று சிலர் ஆடுகளத்தையே தோண்டிச் சிதைத்துவிட்டதால் அது சென்னைக்கு மாற்றப்பட்டது. எனவே, நாடே சேப்பாக்கத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது.

இந்தியா வெற்றிபெற 271 ஓட்டங்கள் தேவை. 82 ஓட்டங்களுக்குள் ஐந்து பேர் ஆட்டமிழந்தனர். பிறகு சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் குவித்தனர். முதுகு வலியால் டெண்டுல்கர் துடிப்பது பெட்டியில் தெளிவாகத் தெரிந்தது. நண்பனின் தாயார் கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப் போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. வெற்றிக்கு இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியிருந்தபோது, 136 ஓட்டங்கள் எடுத்திருந்த டெண்டுல்கர், சக்லைன் முஷ்தாக்கின் பந்தை உயரத் தூக்கியடித்து வாசிம் அக்ரமிடம் பிடிகொடுத்தார். எஞ்சிய மூவரும் நான்கே ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். 258 ஓட்டங்களில் எல்லாம் முடிந்தது. 12 ஓட்டங்களில் தோல்வி.

என் தொண்டை அடைத்துக் கொண்டது. அழுதுவிடுவேனோ என்று அஞ்சித் தலைகுனிந்திருந்தேன். அப்போது கூடத்தில் அமர்ந்திருந்தவர்களில் வயதில் மூத்த ஒருவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "என்ன பாய், இன்றைக்கு உங்கள் வீட்டில் பிரியாணிதானே?" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். தெருவில் கண்டால் நலம் விசாரிக்கின்றவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால், அந்த ஒரு கேள்வியில், அதுவரை நான் நெஞ்சு பதைக்கப் பார்த்த ஆட்டம் என்னுடையதல்ல என்று ஆகிவிட்டது. பதில் சொல்ல நா எழவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். நண்பன் வாசல்வரை ஓடிவந்து, "டேய், வாடா, இங்கே வந்து பாரு!" என்று கத்தினான். சமாதானம் செய்யக் கூப்பிடுகிறான் என்றெண்ணி நான் திரும்பியே பார்க்கவில்லை. வீட்டில் அன்று ரசமும் அப்பளமும்தான். அதனையும் நான் உண்ணவில்லை. "பரீட்சைப் பயமா தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு ஆமென்று தலையாட்டினேன்.

மார்ச் மாதக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சென்னையிலிருந்து மாமு வந்தார். திருவல்லிக்கேணியில் ஒரு கடையில் பணியாற்றியவர். சேப்பாக்கத்துக்கு நடந்தே போய்விடும் தூரம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உள்ளே இருந்திருக்கிறார். குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு முடித்துத் திண்ணையில் ஓய்வாக அமர்ந்திருந்தபோது அந்தக் கதையைச் சொன்னார்.

"கடைசி விக்கெட் விழுந்ததும் ஒரு சத்தம் இல்லை மாப்பிள்ளை. அவ்வளவு கூட்டமும் மையத்து வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இனிமேல் என்ன நடக்குமோ, தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது எனக்கு இரண்டு வரிசை முன்னால் திருநீறு பூசிய ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் எழுந்தார்கள். அப்படியே பக்கம் பக்கமாய் எழுந்து மைதானம் முழுக்க நின்றுவிட்டது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் திகைத்துப் போனார்கள். பிறகு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நம்மைத் தோற்கடித்தவர்களுக்கு நம் ஊர் எழுந்து நின்று மரியாதை செய்தது, மாப்பிள்ளை!"

இச்செய்தியை நான் மறுநாள் நாளேட்டில் படிக்காமல் இல்லை. ஆனால், மனப்புண்ணோடு படித்தவனுக்கு அது வெறும் எழுத்தாகவே நின்றது. மாமுவின் வாயால் கேட்டபோதுதான் நண்பன் வாசலில் நின்று என்னை எதற்காக அழைத்தான் என்பது புரிந்தது. தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடிக் கொண்டிருந்திருக்கிறது. "வந்து பாரு" என்று அவன் சொன்னது அதனைத்தான். ஒரு மனிதரின் கேள்விக்காக, பல்லாயிரம் மனிதர்களின் பதிலைக் காணாமல் வந்துவிட்டேன்.

நேரில் காண்பதற்கும் வீட்டில் காண்பதற்கும் என்ன வேறுபாடு என்று பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பந்தைப் பார்க்க வேண்டுமானால் வீடே மேல். வெயில் இல்லை, செலவு இல்லை. விழுந்த விக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஆனால், யாரைக் காட்டுவது என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். கூடத்தில் நம்மோடு இருப்பவர்கள் நம்மைப் போன்ற நாலைந்து பேர். அங்கே எழும் கசப்பைத் தடுக்க ஆளில்லை. களத்திலோ முன்பின் அறியாத மனிதர் தோளோடு தோள் இடிக்க அமர்ந்திருக்கிறார். அவர் எழுந்தால் நாமும் எழுகிறோம்.

அப்படியென்றால் களத்துக்குப் போனாலே பண்பாடு வந்துவிடுமா? இல்லை. உண்மையை மறைக்கக் கூடாது. 1996 மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் தோட்டத்தில், உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கையிடம் இந்தியா தோற்கப் போகிறது என்றதும் கூட்டம் புட்டிகளை வீசியது. இருக்கைகளில் தீ வைத்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. சேப்பாக்கத்தில் கைதட்டல் ஒலித்த மூன்றே வாரங்களில், அதே கல்கத்தாவில், அதே பாகிஸ்தான் அணிக்கு எதிரான டெஸ்டில், கலவரம் மூண்டு பார்வையாளர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டு, வெறும் மைதானத்தில் ஆட்டம் முடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களும் மனிதர்களே, ஆட்டத்தை நேசித்தவர்களே. ஆகவே இடம் மட்டும் எதனையும் கற்றுத் தருவதில்லை. முதலில் எழுபவர் கையில் என்ன இருக்கிறது, புட்டியா, கைதட்டலா என்பதைப் பொறுத்தே கூட்டம் நடக்கிறது.

24 ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 23 அன்று, ஆயுத பூஜை விடுமுறையில், என் மகனை அழைத்துக்கொண்டு சேப்பாக்கம் சென்றேன். உலகக் கோப்பையில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மோதின. மகன் அதுவரை ஆட்டங்களைக் கைபேசியில், காதில் கேட்பொறியைச் செருகிக்கொண்டு, தனியே பார்த்துப் பழகியவன். "அத்தா, இதைவிடப் போனில் தெளிவாகத் தெரியுமே" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டான்.

பாகிஸ்தான் தலைவர் பாபர் அசாம் அரைச் சதம் அடித்தார். நல்ல ஆட்டம். ஆனால் என் கைகள் மடியை விட்டு எழவில்லை. தாடியும் தொப்பியுமாக அமர்ந்திருப்பவன் கைதட்டினால் எத்தனை கண்கள் திரும்பும் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தப் பழைய கூடம் என்னை விட்டு அகலவே இல்லை போலும்! அப்போது என் வலப்பக்கத்தில், மஞ்சள் சட்டையணிந்த ஓர் இளைஞர் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார். பிறகு என்னைக் குனிந்து பார்த்து, "நல்ல ஆட்டம், இல்லையா பாய்?" என்றார்.

அதே "பாய்"தான். 24 ஆண்டுகளுக்கு முன் என்னை வெளியே அனுப்பிய அதே சொல், இப்போது என்னை உள்ளே அழைத்தது. நானும் எழுந்து கைதட்டினேன். அஸர் தொழுகைக்காக நாங்கள் எழுந்து சென்று திரும்பும்வரை, எங்கள் இரு இருக்கைகளிலும் தம் பையை வைத்துக் காத்திருந்தவரும் அவரே.

இரவு ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. போரும் வறுமையும் தின்ற நாட்டின் பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றிவர, சென்னை மக்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தனர். 1999இல் காணத் தவறிய காட்சியின் ஒரு பங்கு எனக்குக் கிடைத்தது. மகனைத் திரும்பிப் பார்த்தேன். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவனும் நின்று தட்டிக் கொண்டிருந்தான்.

தோல்வியைத் தாங்குவது எப்படி என்பதை நம் மார்க்கம் அழகாகக் கற்பித்திருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் 'அள்பா' என்னும் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதனை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு மிகுந்த மனவருத்தம். பெருமானாரோ வென்றவரைக் கடியவில்லை. உலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்னும் கருத்துப்படத் தோழர்களைத் தேற்றினார்கள். புகாரியில் பதிவான இச்செய்தியை, ஒவ்வொரு போட்டியின் மறுநாளும் என் மாணவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

நம் மண்ணுக்கும் இது புதிதன்று. தை பிறந்ததும் நம் மாவட்டத்துச் சிராவயல் பொட்டலில் மஞ்சுவிரட்டைக் காண நிற்பவர்களைப் பாருங்கள். மாட்டைப் பிடித்த வீரனுக்கும் ஆரவாரம். யார் கைக்கும் பிடிபடாமல் பாய்ந்தோடிய மாட்டுக்கும் அதே ஆரவாரம்!

வாசகப் பெருமக்களே, இருதரப்பாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிற சமயச் சகோதரர்கள், அந்தக் கேள்வியைத் தயவுசெய்து வேடிக்கைக்காகவும் கேட்காதீர்கள். கேட்கப்படுகிறவன் பல நேரங்களில் உங்களைவிட அதிகமாக வருந்திக் கொண்டிருப்பான். நம் சமுதாய இளைஞர்களே, அந்தக் கேள்வியின் மேலுள்ள கோபத்தில், எதிரணி வென்றால் மகிழ்வதாக வீம்புக்குக் காட்டிக் கொள்ளாதீர்கள். அப்படிச் செய்த சிலரை நான் அறிவேன். அது, கேட்டவர் எழுதி வைத்த பதிலை நாமே ஒப்புவிப்பதாகும். நமக்குச் சொந்தமான வருத்தத்தையும் மகிழ்ச்சியையும் யாருக்காகவும் விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, எல்லாரும் சேப்பாக்கம் போக இயலாது. உங்கள் ஊர்ப் பொட்டலில் நடக்கும் கபடிக்கும் கைப்பந்துக்குமேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பார்ப்பதாயின் கூட அமருங்கள். எதிரணி ஒரு நல்ல பந்தை வீசும்போது முதலில் கைதட்டுபவர் நீங்களாக இருங்கள். மாமு கண்ட அந்தப் பெரியவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுந்து நின்றதைக் கேட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் என் நெஞ்சு நிறைகிறது.

அத்தகைய நெஞ்சத்தை நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.