வாசலில் ஒரு கோப்பை

உழைப்பதற்கு ஒரு பள்ளி, உறங்குவதற்கு ஓர் அறை, உண்பதற்கு ஒரு விடுதி. ஊர்விட்டு ஊர் வந்து ஆசிரியப் பணி செய்யும் என் போன்ற இளைஞனின் நாள் இம்மூன்றுக்கும் இடையே கழிகின்றது. பள்ளியைப் பற்றி எழுதினால் தலைமையாசிரியர் கோபிப்பார். அறையைப் பற்றி எழுதலாமென்றால், மூட்டைப்பூச்சிகளைத் தவிர அங்கே வேறு பொருள் இல்லை. எனவே விடுதியைப் பற்றி எழுதுகின்றேன்.

ஊர் விருத்தாசலம். முதுகுன்றம் என்னும் அழகு தமிழ்ப் பெயரை மறைத்து நிற்கும் வடமொழிப் பெயர் அது. விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் இருப்புப்பாதையில், சேலத்துக்கும் கடலூருக்கும் கிளை பிரியும் சந்திப்பு. கோயிலால் பெயர் பெற்ற ஊர் என்பர் பக்தர். பீங்கானால் பெயர் பெற்ற ஊர் என்பேன் நான். பீங்கான் தொழிற்பேட்டை இங்குண்டு; அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உண்டு. வெண்களிமண்ணை மற்றக் கனிமப் பொடிகளோடு கலந்து, கூழாக்கி, அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகுக் குழம்பில் தோய்த்துச் சூளையில் இடுகின்றனர். ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் வெந்து வெளிவருகிறது பீங்கான். பொம்மையானாலும், விளக்கானாலும், மின்சாரச் சாமானானாலும் சூளை ஒன்றே, நெருப்பும் ஒன்றே.

நான் உண்ணும் விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னர் விளங்கும். காலை ஏழு மணிக்கே இடம் கிடைக்காத விடுதி என்று மட்டும் சொல்லுகின்றேன். முந்திரி விளையும் சீமையல்லவா? வெண்பொங்கலில் முந்திரியைத் தேட வேண்டியதில்லை, அதுவே நம்மைத் தேடி வரும். இட்லி, பூவைப் போல் என்று புகழ மாட்டேன். பசித்தவனுக்குப் போதுமான மென்மையோடு இருக்கும். மாதக் கடைசியில் என் முகத்தைப் பார்த்தே நிலையறிந்து, "சார், கணக்குல எழுதிக்கலாம்" என்று மெல்லச் சொல்லும் பரிமாறுகிற அண்ணன் ஒருவர் அங்கிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே பல நாள் அங்கே சென்றிருக்கின்றேன்.

குறைகளும் உண்டு. ஒன்பது மணிக்கு மேல் சாம்பாரில் பருப்பைத் தேடுவது, ஆண்டவனைத் தேடுவது போல. உண்டென்று நம்பலாம், கண்டவர் இல்லை! நேற்றைய இட்லி இன்றைய உப்புமாவாக மறுபிறவி எடுக்கும். மறுபிறவிக் கொள்கையில் நம்பிக்கையற்ற நானும் அதை உண்டிருக்கின்றேன். மேசை துடைக்கும் துணி, துடைப்பதற்கு முன்பிருந்த அழுக்கை நினைத்து ஏங்க வைக்கும். ஆனால் இவை நாக்குக்கும் மூக்குக்கும் நேரும் குறைகள். எடுத்துச் சொன்னால் இரண்டு நாளைக்கேனும் திருந்துவார்கள்.

எல்லாவற்றையும்விட நான் அங்கே பெரிதாக மதித்தது வேறொன்று. வட்டிக்கடைக்காரரும், வழக்கறிஞரின் குமாஸ்தாவும், லாரி ஓட்டுநரும், களிமண் காயாத கையோடு வரும் சூளைத் தொழிலாளியும் ஒரே மேசையில் அமருவர். 'நீ யார்?' என்று கேட்காமல் 'என்ன வேண்டும்?' என்று கேட்கும் இடம் அது. அவ்விதம் கேட்கும் இடம் நம் நாட்டில் எத்தனை உண்டு? கோயில் கேட்குமா? திருமண மண்டபம் கேட்குமா? இடுகாடாவது கேட்குமா?

இந்தச் சமபந்தி தானாக வந்ததன்று, தோழர்களே. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பொதுமக்கள் பணத்தில் நடந்த அந்த நிலையத்தில், பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனியாக உணவளிக்கப்பட்டது கண்டு 1925 இல் தமிழகமே கொதித்தது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கண்டனக் குரல் எழுப்பினர். தேச விடுதலைக்குச் சிறுவர்களைத் தயாரிக்கும் இடத்தில் சோற்றுக்கே விடுதலை இல்லையா என்ற கேள்வி, சுயமரியாதை இயக்கத்தின் விதைகளுள் ஒன்று. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம் ஒதுக்கிய வழக்கம், இடைவிடாத கிளர்ச்சிக்குப் பின் 1941 இல் ஒழிந்தது. 1957 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், முரளி கபே என்ற உணவு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி, நாள்தோறும் தொண்டர்கள் மறியல் செய்தனர், சிறை சென்றனர். மறு ஆண்டு அச்சொல் நீங்கிற்று. ஒரு சொல்லுக்கா இவ்வளவு பாடு என்று அன்று நகைத்தவர் உண்டு. அந்த ஒரு சொல், படியேறும் ஒவ்வொருவனையும் பார்த்து 'நீ தாழ்ந்தவன்' என்று சொல்லிக்கொண்டிருந்ததே, அதை அவர்கள் அறியாரா?

இவ்வளவும் கற்றவன் நான். மேடையில் சொன்னால் கைதட்டலும் பெறுவேன். அப்படிப்பட்டவன் ஒருநாள் செய்ததைக் கேளுங்கள்.

மழைக்காலக் காலை. வாயிலை ஒட்டிய மேசையில் அமர்ந்திருந்தேன். இவ்விடுதியில் தேநீர், ஊர்ப்பெருமைக்கு அடையாளமாக, வெள்ளைப் பீங்கான் கோப்பையில்தான் வரும். எனக்கும் வந்தது. என் எதிரே இருந்த சூளைத் தொழிலாளிக்கும் வந்தது. வெளியே தகரச் சார்ப்பின் கீழ் மூன்று பெண்கள், நகரின் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், மழைக்கு ஒதுங்கி நின்றனர். தெருக்குழாயில் கை கழுவிவிட்டுத்தான் நின்றனர். அதையும் நான் பார்த்தேன். பரிமாறுகிற அண்ணன் வாயிற்படி வரை சென்று, பக்கத்துத் திண்டின்மேல் மூன்று காகிதக் கோப்பைகளை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர்கள் எடுத்துக்கொண்டனர். காசைத் திண்டின்மேல் வைத்தனர். சச்சரவில்லை, சுடுசொல் இல்லை. பல நாள் பழகிய நாடகம் போல் எல்லாம் அமைதியாக நடந்து முடிந்தது.

அந்தப் பெண்களில் ஒருவரின் அருகே, புத்தகப்பையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றாள். என் வகுப்பு மாணவி. அவள் கையிலும் ஒரு காகிதக் கோப்பை. தாயும் மகளும் மாறி மாறிக் குடித்தனர். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "வணக்கம் சார்" என்றாள்.

"வணக்கம்" என்றேன், பீங்கான் கோப்பையைக் கையில் பிடித்தபடியே.

இதன்பின் நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். தேநீரை மீதமின்றிக் குடித்து முடித்தேன். காசு கொடுத்தேன். பள்ளிக்குச் சென்றேன்.

அன்று கொட்டாங்குச்சியில் ஊற்றினர். பின்னர்த் தனிக்குவளை வைத்தனர். இரட்டைக் குவளை என்று நாடே அறிந்து நாணியது. இரட்டைக் குவளையைப் படம் பிடிக்கலாம், சான்று காட்டலாம், வழக்குத் தொடுக்கலாம். காகிதக் கோப்பையை என்ன செய்வது? குடித்ததும் குப்பையில் விழுகிறது. தீண்டாமைக்கான சான்றும் கூடவே விழுகிறது. அந்தக் குப்பையை அள்ளுவதும் அதே கைதான்! துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றிற்று அரசு. நல்ல செயல். பெயர் மாறியது, கோப்பை மாறவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அடிப்படை உரிமைகள் பாடம். 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்றேன். கடை, உணவு விடுதி ஆகியவற்றில் எவரையும் சாதியைக் காட்டித் தடுக்கலாகாது என்கிறது 15 ஆம் பிரிவு என்றேன். கரும்பலகையில் எழுதியும் போட்டேன். அந்தச் சிறுமி எழுந்தாள்.

"சார், ஒழிச்சாச்சுன்னா, அதுக்கப்புறமும் பாக்குறவங்களை யார்கிட்ட சார் சொல்லணும்?"

சட்டம் எனக்குத் தெரியும். 1955 இல் வந்து, 1976 இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்ற அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, உணவு விடுதிக்குள் நுழையும் உரிமையை மட்டும் பேசவில்லை. அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் பெயர் சொல்லிக் காக்கிறது. மீறினால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. இவற்றை எல்லாம் சொன்னேன். அவள் அமர்ந்தாள். ஆனால் அவள் கேட்டது சட்டத்தின் எண்ணையா? 'நீங்கள் பார்த்தீர்களே, நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்?' என்பதல்லவா அக்கேள்வியின் உட்பொருள்?

அன்று மாலை அவள் தாயைக் கண்டு பேசினேன். "உள்ள போனா வெளிய போன்னு சொல்ல மாட்டாங்க சார். ஆனா எல்லாரும் ஒரு பார்வை பாப்பாங்க. அந்தப் பார்வைக்கு மழையில நிக்கிறதே மேல்" என்றார். சற்று நேரம் கழித்து, "நீங்க பேசுறதுன்னா பேசுங்க. என் பேரை மட்டும் இழுக்காதீங்க. நாளைக்கும் அந்தத் தெருவை நான்தானே கூட்டணும்?" என்றார். புரட்சி பேசும் நமக்கு மறுநாள் காலையில் விடுமுறை இருக்கலாம், தோழர்களே. அவருக்கு இல்லை.

விடுதி உரிமையாளரிடம் சென்றேன். கொடியவர் அல்லர், எனக்குக் கடன் தந்து உண்பித்தவர். "இந்தக் காலத்துல யார் சார் சாதி பாக்குறா? சுத்தம்தான் சார். அவங்க செய்யற வேலை அப்படி" என்றார்.

"களிமண் படிந்த கையோடு வருகிறாரே சூளைத் தொழிலாளி, அவருக்குப் பீங்கான் கோப்பை கொடுக்கிறீர்களே?"

"அது மண்ணு சார்."

"எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறாரே லாரி பழுது பார்ப்பவர்?"

பதில் இல்லை.

"வெந்நீரில் கழுவினால் என் எச்சில் போகிறது. அவர் எச்சில் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா? 1200 பாகை நெருப்பில் வெந்து மெருகேறிய பீங்கான், தண்ணீரையே உள்ளே விடாது. சாதியை மட்டும் எப்படி உள்ளே விடும்?"

"பாக்கலாம் சார்" என்றார். அச்சொல்லின் பொருள் 'பார்க்க மாட்டேன்' என்பதைத் தமிழர் அறிவர்.

அப்போது எனக்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று, கிரீன்ஸ்பரோ நகரில், நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழவில்லை அவர்கள். மறுநாள் மேலும் பலர் வந்தனர். அந்த ஆண்டு சூலைத் திங்களில் அக்கடை பணிந்தது. ஒரு கோப்பைக் காப்பி, ஒரு நாட்டின் மனச்சான்றைக் கலக்கியது!

இழிவு செய்யப்பட்டவர்களே அங்கே முன்வந்து அமர்ந்தனர். இங்கே அந்தத் தாயை, அவர் விரும்பாதபோது, உள்ளே இழுத்து உட்கார வைக்க எனக்கு என்ன உரிமை? ஆனால் வெளியே சென்று நிற்க எனக்கு உரிமை உண்டல்லவா? மறுநாள் காலை நானும் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரும் தகரச் சார்ப்பின் கீழ் நின்றோம். "காகிதக் கோப்பையிலேயே கொடுங்கள்" என்றோம். பரிமாறுகிற அண்ணன் தலை குனிந்தபடி கொடுத்தார். காரணம் கேட்டவர்களுக்குச் சொன்னோம். சிலர் சிரித்தனர். "வாத்தியாருக்கு வேற வேலை இல்லை" என்றார் குமாஸ்தா. நான்காம் நாள் அந்தச் சூளைத் தொழிலாளி ஒன்றும் பேசாமல் வெளியே வந்து எங்கள் அருகே நின்றார். ஏழாம் நாள் எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர்.

ஒன்பதாம் நாள் திண்டின்மேல் காகிதக் கோப்பை இல்லை. தட்டில் பீங்கான் கோப்பைகள் வந்தன. அந்தத் தாய்க்கும் வந்தது, எனக்கும் வந்தது. குடித்து வைத்த கோப்பைகள் ஒரே தொட்டிக்குச் சென்றன. மகிழ்ந்தேன். வெற்றி என்று வாய் திறக்கப் போனேன். அந்தத் தாய் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கோப்பை வந்துடுச்சு சார். நாற்காலி எப்ப வரும்?"

இதை எழுதும் இன்றுவரை நாற்காலி வரவில்லை. எவரும் தடுக்கவில்லை; ஆயினும் அவர்கள் நின்றே குடிக்கின்றனர். 'பார்வை' இன்னும் மாறவில்லை. அது உரிமையாளர் ஒருவரின் பார்வையன்று. உள்ளே அமர்ந்து உண்ணும் எல்லோருடைய பார்வை. அந்த மழைநாளில் கோப்பையைக் கீழே வைக்காத என் பார்வையும் அதில் சேர்ந்ததே.

இங்கிருந்து தொலைவிலில்லாத வடலூரில், 1867 இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகின்றது. வருவோர் யாராயினும் அமர்த்திச் சோறிடுகின்றது. பசிக்குச் சாதி இல்லை என்று அவர் கண்ட உண்மை, பணம் கொடுத்து உண்ணும் விடுதிக்கு வந்து சேர எத்தனை காலம் வேண்டும்?

இளந்தோழர்களே! நாளைக் காலை உங்கள் ஊர் விடுதியில் அமருங்கள். சட்னி நன்றா, சாம்பார் நன்றா என்று பார்ப்பதோடு வாசலையும் பாருங்கள். வாசலில் யார் நிற்கிறார்? அவர் கையில் என்ன கோப்பை? அதைப் பார்த்த பின்பும் உங்கள் தேநீர் தொண்டையில் இறங்குகிறதா? எனக்கு ஒரு நாள் இறங்கியது. அந்த வெட்கத்தை மறைக்காமல் உங்கள்முன் வைக்கின்றேன், உங்களுக்கும் இறங்காதிருக்கட்டும் என்று.