மாற்று எஞ்சினும் மின்விசிறியும்

பழைய மோட்டார் வண்டியைப் பேணி வருவோர்க்கு அதன் எஞ்சினை மாற்ற வேண்டிய நாள் ஒன்று வந்தே தீரும். 2014ஆம் ஆண்டில் உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தி நின்ற பின்னர் இத்தேவை மிகுந்துவிட்டது. நமது வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் தேய்ந்துபோகவே, பிற்கால அம்பாஸடரில் வந்த 1817 கன சென்டிமீட்டர் இசுஸு எஞ்சினைப் பொருத்தினோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அனுமதி பெற்று, பதிவுச் சான்றிலும் ஏற்றினோம்.

எஞ்சின் அமர்ந்தது, விசிறிக்குத்தான் இடமில்லை. நீர்ப் பம்பின் மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இரண்டு அங்குலமே எஞ்சியது. பெல்ட்டால் சுழலும் விசிறி அம்மூக்கின்மேல்தான் அமரவேண்டும். மின்விசிறியையோ சற்றே பக்கவாட்டில் ஒதுக்கி வைக்கலாம். அங்கே நான்கு அங்குல இடம் இருந்தது. ஆகவே மின்விசிறி தேடலானோம்.

நாகபுரியில் வாழும் நம்மவர்க்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. ரேடியேட்டரின் ஆற்றல், நீரின் வெப்பத்துக்கும் வெளிக்காற்றின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 டிகிரி, காற்று 30 டிகிரி எனில் வேறுபாடு 60. மே மாதத்தில் காற்று 45 டிகிரியாகும்போது வேறுபாடும் 45 ஆகச் சுருங்குகிறது. ஆற்றலில் கால் பங்கு போய்விடுகிறது. எண்பது வயதைக் கடந்த நம் தந்தையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இவ்வண்டியில்தான். தாழ்ந்த இருக்கையுள்ள புதிய வண்டிகளில் ஏறி இறங்க அவருடைய முழங்கால்கள் இடந்தருவதில்லை. நடுச்சாலையில் நீர் கொதித்து வண்டி நின்றால், அந்த வெயிலில் அவரை எங்கே அமர்த்துவது?

மெக்கானிக் ஒரு மாருதி 800 விசிறியைக் காட்டி, "இதுவே போதும், சாஹப், விலையும் மலிவு" என்றார். அது 796 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்கென அமைந்தது. அவரது அனுபவத்தை மதித்தோம். ஆயினும் கணக்கும் போட்டோம். நெரிசலில் ஊரும்போது நீர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 10 கிலோவாட் என்றும், ஊடே செல்லும் காற்று 25 டிகிரி சூடேறும் என்றும் கொண்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 760 கன அடிக் காற்று வேண்டும். விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவோ திறந்த வெளியில் எடுத்தது. நெருங்கிய தகடுகளின் ஊடே இழுக்கும்போது அது வெகுவாகக் குறையும். எனவே 1500 கன அடி என்று குறித்த 14 அங்குல விசிறியைத் தேர்ந்தோம். ரேடியேட்டருக்குப் பின்னிருந்து காற்றை இழுக்கும் வகையே அது. முழுப் பரப்பிலிருந்தும் காற்று வருமாறு தகர உறை ஒன்றும் அமைத்தோம்.

அடுத்தது மின்சாரம். இவ்விசிறி ஓடும்போது 15 ஆம்பியர் கொள்ளும். தொடங்கும் கணத்தில் அதன் இருமடங்குக்கும் மேல். பழைய டைனமோவின் முழு அளவே 22 ஆம்பியர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அதாவது விசிறி மிகவும் தேவைப்படும்போது, அது தருவது சொற்பம். புதிய எஞ்சினோடு வந்த ஆல்ட்டர்னேட்டர் இக்குறையைப் போக்கிற்று. ரிலே, 30 ஆம்பியர் ஃப்யூஸ், 4 சதுர மில்லிமீட்டர் கம்பி ஆகியவற்றைச் சேர்த்தோம். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பதால், விசிறி 92இல் தொடங்கி 87இல் நிற்கும் ஸ்விட்ச்சை வைத்தோம். 82க்குக் கீழே வைத்திருந்தால் விசிறி ஓயாது சுழன்றுகொண்டிருக்கும்.

தகடுகளின் ஊடே பிளாஸ்டிக் கட்டுகளைக் கோத்து விசிறியைத் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. அதிர்வினால் குழாய்கள் தேய்ந்து ஒழுகும் என்பதால் அதை மறுத்து, இரும்புப் பட்டைகளால் சட்டத்தோடு பிணைக்கச் செய்தோம். செலவு மெக்கானிக் சொன்னதைவிட மூன்று மடங்காயிற்று.

சென்ற மே மாதத்தில் ஒரு நண்பகல், சிக்னல்தோறும் நின்று நின்று மருத்துவமனை சென்றோம். முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. தந்தையார் வழிநெடுக உறங்கினார். அதைவிடச் சிறந்த சான்று நமக்கு வேண்டியிருக்கவில்லை. இவ்வாறு எஞ்சின் மாற்றும் அன்பர்கள், விலையைக் கேட்குமுன் இடத்தையும் காற்றையும் மின்சாரத்தையும் அளந்துகொள்வார்களாக.