முன் கண்ணாடிக்கு இவ்வளவா?

உறவுகளே, டிப்பரிலிருந்து தெறித்த ஒரு கல் எங்கள் வேகன் ஆரின் முன் கண்ணாடியில் நீளமாகக் கோடு இழுத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. விலை கேட்டோம். எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது!

முன்பென்றால் பஞ்சிகாவத்தையில் பழைய கண்ணாடியொன்றைத் தேடியெடுத்து, ரப்பர் பீடிங்கில் மாட்டிவிட்டு வருவோம். இப்போது கண்ணாடியை பொடியோடு பசை வைத்து ஒட்டுகிறார்கள். 2017இல் ஜப்பானில் வந்த புதிய வேகன் ஆர் முதல், சில ரகங்களில் கண்ணாடியின் உட்புறம் மேலே ஒரு கெமராவும் இருக்கிறது. முன்னால் வாகனமோ ஆளோ வந்தால் தானாக பிரேக் பிடிக்க உதவுவது அதுதான். கண்ணாடி மாறினால் கெமராவையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி.

"கெமராவ விடுங்க சேர், சும்மா ஓடலாம்" என்றார் ஒருவர். சில ஆயிரம் மிஞ்சும்தான். ஆனால் கெமரா சற்றுக் கோணினாலும், தூரத்தில் அது பார்க்கும் இடமே மாறிவிடும். பின் சீட்டில் இருப்பது எங்கள் பிள்ளைகள். சீட்டுக் காசை எடுத்து அதையும் செய்தோம்.

உங்களுக்கும் உதவும்:

சின்னப் புள்ளியாக இருக்கும்போதே ரெசின் நிரப்புங்கள். வெயிலும் ஏசியும் சேர்ந்தால் வெடிப்பு நீளும்.

முழுக் காப்புறுதி இருந்தால், கண்ணாடியைக் கழற்ற முன் கம்பனிக்கு அறிவியுங்கள்.

விலை கேட்கும்போது, "கெமரா வேலையும் சேர்த்தா?" என்று கேளுங்கள்.

கல், மண் ஏற்றும் சகோதரர்களே, தயவுசெய்து தார்ப்பாய் போட்டு மூடுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம். எங்களுக்கு ஒரு மாதச் சம்பளம்.