பாங்காக்கில் ஒரு மார்கழி

தில்லியில் நாங்கள் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எங்கள் மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து அறியாள். ஆண்டுதோறும் திருப்பாவையைத் தேவநாகரி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடி வந்தவள், சென்ற மார்கழியில் மறுத்துவிட்டாள். “பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஏன் பாட வேண்டும், அம்மா?” என்றாள். தக்க விடை கூற எங்களால் இயலவில்லை. அந்த மனக்குறையோடுதான் விடுமுறைக்கு மூவரும் பாங்காக்குக்குப் புறப்பட்டோம்.

தாய்லாந்து மக்கள் தம் தலைநகரைப் பாங்காக் என்று சொல்வதில்லை. ‘குருங் தேப்’ என்கிறார்கள். தேவர் நகரம் என்பது பொருள். 1767-இல் பர்மியப் படை பழைய தலைநகராகிய அயுத்தயாவை அழித்தது. பின்னர் 1782-இல் முதலாம் ராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் இந்நகரை நிறுவினார். அரண்மனை எழ வேண்டிய இடத்தில் அப்போது சீன வணிகர் வாழ்ந்தனர். அவர்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டுச் சம்பெங் என்னும் பகுதிக்குச் சென்றனர். இன்று மொத்த வியாபாரத்துக்குப் பேர்போன கடைவீதி அதுவே. குடிபெயர்ந்தவன் கடை விரித்த இடம் ஊருக்கே சந்தையாவது எங்கும் உள்ள வழக்கம்போலும்!

எதிரெதிரே இருவர் வந்தால் தோள் உரசும் சந்து அது. அங்கே பேரம் பேச மொழி வேண்டியதில்லை. கடைக்காரர் கணக்குப்பொறியில் விலையைத் தட்டி நீட்டுவார். நாம் குறைத்துத் தட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள பாஹுரத் துணிக்கடைகளில் சீக்கியர் பலர். குருத்துவாராவும் உண்டு. கரோல்பாகிலேயே நிற்கிறோமோ என்று ஒரு கணம் மயங்கினோம். பட்டு வாங்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: மயில் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பொன்மயில் முத்திரை, உள்நாட்டுப் பட்டு நூலைக் கொண்டு பழைய முறைப்படி கைத்தறியில் நெய்ததற்கு; பச்சை மயில், வேறு நூல் கலந்ததற்கு.

மரகத புத்தர் ஆலயத்தின் சுற்றுச் சுவர்களில் இராமகாதை 178 ஓவியங்களாக விரிகிறது. அங்கே அனுமன் பிரமசாரி அல்லன், காதலும் புரிவான். எங்கள் மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் நாங்கள் காண விரும்பியது பெரிய ஊஞ்சலை. 1784-இல் நாட்டப்பட்ட, செந்நிறம் பூசிய மாபெரும் தேக்குத் தூண்கள். இளைஞர் வானளாவ ஆடி, உயரத்தில் கட்டிய பணப்பையைப் பல்லால் கவ்வும் வழக்கம் இருந்தது. அது 1935-இல் நிறுத்தப்பட்டது. இன்று நிற்பவை 2007-இல் முடிந்த திருப்பணியில் எழுந்த புதிய தூண்கள். எதிரே அரசவை அந்தணரின் கோயில். அவர்கள் நடத்தும் விழாவின் பெயர் ‘திரியம்பாவை – திரிபாவை’. திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவ்வாறு திரிந்தன என்பர் அறிஞர். வியப்பில்லை, அந்நாட்டுத் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்து வணிகரையும் குறிக்கிறது.

நாங்கள் சென்ற மாலையில் விழா நடந்துகொண்டிருந்தது. வெள்ளாடையும் கொண்டையுமாக அந்தணர் நின்றனர். நெற்பொரியும் கனிகளும் படைத்திருந்தார்கள். சங்கு முழங்கிற்று; பாட்டு எழுந்தது. செவியைக் கூர்மையாக்கிக் கேட்டோம். ஒரு சொல்லேனும் பிடிபடவில்லை. தமிழிலேயே பிறந்து தமிழிலேயே படித்த எங்களுக்கே இந்த நிலை!

“இதுவா நாம் பாடுவது?” என்று மகள் மெல்லக் கேட்டாள்.

“ஆம்.”

“பாடுகிறவர்களுக்குப் பொருள் தெரியுமா?”

“தெரியாது.”

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எங்களில் ஒருவருக்கு, பொருள் மறந்தும் பாட்டை விடாமல் காத்தார்களே என்று கண் கலங்கிற்று. மற்றவருக்கோ அச்சம்: நம் பேரப்பிள்ளைகளின் குரலையே முன்கூட்டிக் கேட்டாற்போல் இருந்தது. விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசி நாள் இரவு, ஆற்றோரத்துப் பூச்சந்தைக்குப் போனோம். அது இரவெல்லாம் விழித்திருக்கும் சந்தை. நாம் நாரால் தொடுப்பதை அங்கே ஊசியால் நெருக்கமாகக் கோக்கிறார்கள். மல்லிகை மொட்டுகளைக் காட்டி, “மலி” என்றார் பூக்காரி. கோத்ததைக் காட்டி, “மாலை” என்று எங்கள் செவியில் விழுமாறு ஏதோ சொன்னார். “அம்மா! இவர் மல்லி, மாலை என்கிறார்!” என்று எங்கள் மகள் கூவினாள். வடமொழி வழியாக அங்கே சென்ற சொற்கள்தாம். ஆயினும் அவளுக்கு அவை வீட்டுச் சொற்களாகவே கேட்டன. பேரம் பேசாமல் இரண்டு சரம் வாங்கினாள்.

விடுதிக்கு வந்ததும் பட்டுக்கடை ரசீதின் பின்புறத்தை எங்கள்முன் நீட்டி, மல்லி என்று எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினோம். நடுவெழுத்தின்மேல் புள்ளி எதற்கு என்றாள். சொல்லத் தொடங்கினோம். மறுநாள் விடியலில் விமானம். கட்ட வேண்டிய பெட்டிகள் திறந்தபடியே கிடந்தன.