வரம்போரத்துப் பயிர்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்பவர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்த பின்னர் அடையும் ஊர்களுள் ஒன்று சவளக்கடை. சுற்றிலும் வயல் வட்டைகள். மாரிவெள்ளம் பெருகும் ஆண்டுகளில் தாம்போதி நீரில் மூழ்கிவிட, பட்டினத்திற்கும் ஊருக்குமிடையே போக்குவரத்து அற்றுப்போவதுண்டு. இங்கு பணம் என்பது காணியாகவோ, பொன்னாகவோ, மகளுக்கென எழுப்பப்படும் வீடாகவோ உருப்பெறுவதே வழக்கம். கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் பங்காகவும் அது இருக்கலாம் என்பதனை நம்பியவர் ஊரில் ஒருவரே. அவர் இளைப்பாறிய வர்த்தகபாட ஆசிரியர்.

முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் ஐந்தொகை வரைந்தவர் அவர். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமப்பட்டுவிட்டால் மாணவர் முகத்தில் தோன்றும் நிம்மதியைக் கண்டு மகிழ்ந்தவர். ஆயினும் உயிருள்ள ஒரு கம்பனியின் ஐந்தொகையை அவர் முதன்முதலிற் கையிலெடுத்தது நாற்பது வயதிற்குப் பின்னரேயாம். பாடநூலிற் காணாத ஒன்றை அதில் அவர் கண்டார்: இரு பக்கங்களும் சமப்பட்டிருந்தும் கணக்கு உண்மை பேசாதிருத்தல் கூடும்.

இலங்கையில் பங்கு வியாபாரம் 1896ஆம் ஆண்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு மூலதனம் தேடிய ஆங்கிலேயத் தரகர்களால் தொடங்கப்பெற்றது. இன்றைய பரிவர்த்தனை நிலையம் 1985இல் கம்பனியாக அமைந்து, 1990இல் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை என்னும் பெயரைப் பெற்றது. அங்கு பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முந்நூற்றுக்குச் சற்றுக் குறைவு. அவற்றுட் பெரியன சிலவற்றைப் பற்றியே தரகு நிலையங்கள் ஆய்வறிக்கை எழுதுகின்றன. எஞ்சிய சிறியனவும் நடுத்தரமானவையும் யாராலும் வாசிக்கப்படாது கிடக்கின்றன. யாரும் வாசியாததனாலேயே அவற்றை வாசிக்க வேண்டும் என்பது ஆசிரியரின் எண்ணம். பெரிய கம்பனியைப் பற்றி அவர் அறியக்கூடியதனைக் கொழும்பில் ஆயிரம்பேர் முன்னரே அறிந்திருப்பர். சிறிய கம்பனியிலோ பொறுமையுள்ள ஒருவனுக்கு இடமுண்டு.

அவர் ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கங்களிலிருந்தே வாசிக்கத் தொடங்குவார். இதனைக் கண்டு மைத்துனர் ஒருநாள், "என்ன மச்சான், கிதாபு ஓதுற மாதிரிப் பின்னாலயிருந்து புரட்டுறீங்க?" என்று கேலி செய்தாராம். ஆசிரியர் அவருக்கு வயலைக் காட்டியே விடையிறுத்தார். விளைந்த வயலை விலைபேச வருகின்ற அனுபவமுள்ள போடியார் வரம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. வரம்போரத்துப் பயிர் ஒளியும் காற்றும் பெற்று எப்பொழுதும் செழித்தே நிற்கும். அவர் சேற்றில் இறங்கி நடுவயலுக்குச் சென்று, கதிரைக் கையிலேந்திப் பதரைப் பார்ப்பார். ஆண்டறிக்கையின் முன்பக்கத்திலுள்ள தலைவரின் செய்தியும் வண்ணப் படங்களும் வரம்போரத்துப் பயிர். நடுவயல் பின்னால், கணக்குகளுக்கான குறிப்புகளிலே இருக்கின்றது.

அங்கு அவர் தேடியவை சில. விற்பனை பத்து வீதம் கூடியிருக்க, வருமதிகள் நாற்பது வீதம் கூடியிருப்பின், சரக்குப் போயிற்று, காசு வரவில்லை என்பது பொருள். இலாபம் ஆண்டுதோறும் காட்டப்பட, தொழிற்பாட்டுக் காசுப்பாய்ச்சல் ஆண்டுதோறும் எதிர்க்கணியமாயிருப்பின், இலாபம் தாளிலே மட்டும் இருக்கின்றது. பணிப்பாளர்களின் வேறு கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கப்பட்டிருக்கின்றதா என்பதனைத் தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்புச் சொல்லும். மிகப் பெரிய இருபது பங்குதாரரின் பட்டியலையும் அவர் ஆண்டுக்கு ஆண்டு ஒப்புநோக்குவார். குடும்பத்தவரே தம் பங்குகளை மெல்லமெல்லக் கைவிடுவார்களாயின், அவர்கள் அறிந்த ஏதோவொன்றை ஏனையோர் அறியவில்லை. கணக்காய்வாளர் மாற்றப்பட்டிருந்தால் அவர் அப்புத்தகத்தை மூடிவைத்துவிடுவார். இது சற்றுக் கடுமையான விதியே. நல்ல காரணத்திற்காகவும் கணக்காய்வாளர் மாறுவதுண்டு. ஆயினும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

வட்டி அவருக்கு மார்க்கப் பிரச்சினையுமாகும். பஹ்ரேனில் அமைந்துள்ள இஸ்லாமிய நிதிக் கணக்கீட்டு நியம அமைப்பு, வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டலாகாது என்றும், விலக்கப்பட்ட வருமானம் 5 வீதத்துக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்துள்ளது. ஆசிரியர் இவற்றைக் கடைப்பிடித்தார். 2022 ஏப்ரல் 8ஆந் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, கடன்பட்ட சிறு கம்பனிகள் பல மூச்சுத் திணறின. அவர் கையிலிருந்தவை அவ்வளவாகத் திணறவில்லை.

அதற்கு முன்பு நிகழ்ந்ததொன்று. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றதும் கொழும்புச் சந்தை பொங்கியெழுந்தது. 2011 பெப்ரவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 7,800ஐத் தொட்டது. பெயர்கூட அறியப்படாத சிறு கம்பனிகளின் பங்குகள் காரணமின்றிப் பன்மடங்காகின. கைக்குள் அடங்கும் எண்ணிக்கையான பங்குகளே சந்தையில் உலவும் கம்பனியின் விலையை ஏற்றுவதற்குச் சிலர் போதும். ஏற்றியவர் இறங்கிவிட, பின்வந்தவர் சுமப்பர். மைத்துனர் பின்வந்தவருள் ஒருவர். இரண்டு ஏக்கர் வயலை ஈடுவைத்து, தரகரிடம் கடனும் பெற்று வாங்கினார். 2012இன் நடுப்பகுதியிற் சுட்டி 5,000த்துக்கும் கீழே இறங்கியது. சந்தையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் தலைவர்கள் இருவர் ஓராண்டுக்குள் அடுத்தடுத்துப் பதவி விலகினர். வயல் மீளவில்லை.

அக்காலத்தில் ஆசிரியர் மைத்துனரிடம் சொன்னது ஒரேயொரு வார்த்தை: "கவனம்." அந்தக் கம்பனியின் அறிக்கையை அவர் வாசித்திருந்தார், அதன் வருமதிகள் எத்தகையவை என்பதனையும் அறிந்திருந்தார். மனைவியின் தமையனுக்குக் கணக்குப் படிப்பிப்பது மரியாதையன்று எனக் கருதி அவர் வாய்திறக்கவில்லை. மைத்துனர் ஈராண்டுகள் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த மௌனத்திற்குத் தாமும் பங்காளி என்பதனை மனைவி ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாமலே ஆசிரியர் விளங்கிக்கொண்டார்.

அதன் பின்னர் அவர் ஓர் அப்பியாசக் கொப்பியிற் சில விதிகளை எழுதிக்கொண்டார். ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் காசு சந்தைக்குப் போகலாகாது. ஒரு கம்பனியில் பத்திலொரு பங்குக்கு மேல் இடலாகாது. வாங்குமுன் வாங்குவதற்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதுதல் வேண்டும். வாங்கவும் விற்கவும் ஒவ்வொரு முறையும் 1.12 வீதம் செலவாகின்றமையால் அடிக்கடி கைமாற்றுவதும் ஆகாது. சிறு கம்பனிப் பங்கின் இடர்ப்பாடு விலை இறங்குவது மாத்திரமன்று. விற்க விரும்பும் நாளில் வாங்குவார் இல்லாதிருப்பதுமாகும். கிட்டங்கியில் வீதி இருக்கின்றது. வெள்ளத்தில் அதனைக் கடக்க இயலாது. அவ்வாறே திரையில் விலை இருக்கும். அவ்விலைக்கு ஆள் இருக்கமாட்டார்.

2021ஆம் ஆண்டு இரண்டாவது மகளின் வீட்டுக்கு அத்திவாரம் இடப்பட்டது. இக்கரையோரத்திலே பெண்ணுக்கு வீடு என்பது திருமணப் பேச்சின் முதல் வரி. அதே ஆண்டு இரசாயன உரம் தடைசெய்யப்பட, வட்டைகளில் பயிர் மஞ்சளித்து நின்றது. கொழும்பிலோ சுட்டி நாள்தோறும் ஏறியது. குத்தகை வருமானம் குறையும் என்றஞ்சிய ஆசிரியர், கூரைக்கென வைத்திருந்த காசை இரு சிறு கம்பனிகளில் இட்டார். 2022 ஜனவரியில் சுட்டி 13,000த்தைத் தாண்டியது. ஏப்ரல் 12ஆந் திகதி அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 18ஆந் திகதி முதல் ஒரு வாரம் சந்தையே மூடப்பட்டது. மாத முடிவிற் சுட்டி 8,000த்துக்கும் கீழே கிடந்தது. சீமெந்தும் கம்பியும் கூரைத்தகடும் வாரத்திற்கு வாரம் விலையேறின.

ஒரு கம்பனியின் பங்குகளை அவர் பாதி விலைக்கு விற்று மேசனுக்குக் கூலி கொடுத்தார். மற்றதனை வாங்க ஆளில்லை. அன்றிரவு அவர் கொப்பியைத் திறந்தார். முன்னைய பக்கங்களில் வருமதி, கடன், காசுப்பாய்ச்சல் என நுணுக்கமான எழுத்துகள். அவ்விரு கம்பனிகளுக்குரிய பக்கத்தில், காரணம் என்பதன் கீழே, அவருடைய கையெழுத்திலேயே இரண்டு சொற்கள் இருந்தன: "விலை ஏறுகிறது."

கூரையின்றிச் சுவர்கள் ஒரு மாரியை நனைந்து கழித்தன. மாப்பிள்ளை வீட்டார் இருமுறை ஆளனுப்பினர். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். 2023இன் முற்பகுதியில், எஞ்சிய வயலின் அறுவடையை விற்ற காசுடன் மைத்துனர் வந்தார். காசை மேசைமேல் வைத்துவிட்டு, "தகட்டைப் போடுங்க மச்சான். கணக்கெல்லாம் பொறகு பாப்பம்" என்றார். ஆசிரியர் அக்காசை எண்ணவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாம் சொல்லாமல் விட்டதனை அன்று சொன்னார். மைத்துனர் கேட்டுக்கொண்டிருந்தார், பின்னர் தேநீரைக் குடித்துவிட்டு, எனக்கும் அது அப்போதே தெரிந்துதான் இருந்தது என்னும் பொருள்பட ஏதோ கூறி எழுந்தார். அது உண்மையா, இரக்கமா என்பதனை ஆசிரியரால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

வீடு நிறைவேறித் திருமணமும் நடந்தேறியது. மைத்துனரின் காசு மூன்று தவணைகளில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2024 டிசெம்பரிற் சுட்டி 15,000த்தைக் கடந்தது. விற்க முடியாதுபோன பங்கு மட்டும் வாங்கிய விலையின் அரைவாசியிலேயே நிற்கின்றது. காலாண்டு முடிந்து நாற்பத்தைந்து நாட்களுக்குள் அக்கம்பனியின் இடைக்கால அறிக்கை வெளிவருகின்றது. அந்த நாட்களில் மஃரிபுக்குப் பின் மைத்துனர் வந்தமர, மகள் தொலைபேசியில் அதனைத் திறந்து வாசிக்கின்றாள். சென்ற முறை அவள் வருமதிக் குறிப்புக்கு வந்ததும், "எவ்வளவு காலத்துக் கடன் இது?" என்று கேட்டவர் மைத்துனரே. ஓராண்டுக்கு மேற்பட்டது எவ்வளவு என்பதனைத் தேடி அவள் கீழே நகர்த்த, ஆசிரியர் கொப்பியைப் பிரித்துப் புதிய பக்கமொன்றில் திகதியை எழுதினார்.