கோடைக்கால மாணவருக்கு ஒரு சிறிய அறைவீடு



மே மாதத்தில் ஒருநாள் பெங்களூருவின் யஷ்வந்த்பூர் ரயில் நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். முதுகில் ஒரு பையும் கையில் ஒரு பெட்டியுமாய், கைப்பேசியில் முகவரியைத் தேடிக்கொண்டு நிற்கிற வாலிபப் பிள்ளைகளைக் காண்பீர்கள். அவர்களில் சிலர் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் அல்லர். வேலை தேடி வந்தவர்களும் அல்லர். கல்லூரி விடுமுறையை ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செலவிடும்படி தெரிந்துகொள்ளப்பட்ட இளங்கலை மாணவர்கள்.

நம் நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் இணைந்து, இரண்டு மாத காலக் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தை நடத்திவருகின்றன. ஜக்கூரில் 1989-இல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களும் தனியே மாணவரைச் சேர்த்துக்கொள்ளுகின்றன. நம்முடைய சபைகளிலிருந்தும் இவ்வாய்ப்பைப் பெறுகிற பிள்ளைகள் எழும்புகிறார்கள். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் புறப்பட்டு வந்த குடும்பங்களுக்கு இது கர்த்தர் செய்த பெரிய காரியம். ஆனாலும் கடிதம் வந்த அன்றே, சந்தோஷத்தோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது: பிள்ளை எங்கே தங்கும்?

சூனேம் ஊராளாகிய அந்த ஸ்திரீயை நினைத்துக்கொள்ளுங்கள் (2 இராஜாக்கள் 4). வழிப்போக்கராய் வந்துபோன எலிசாவுக்கென்று அவள் ஒரு சிறிய அறைவீட்டை ஆயத்தம்பண்ணினாள். அதில் வைக்கப்பட்டவை நான்கு: கட்டில், மேஜை, நாற்காலி, குத்துவிளக்கு. ஒரு மாணவனின் அறைக்கும் வேண்டியவை இவை நான்குதானே!

கட்டில்

ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநரிடம் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றால் உடனே விளங்கும். 1907-இல் மைசூர் அரசு வழங்கிய 371 ஏக்கர் நிலத்தில் எழும்பி, 1911-இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட வளாகம் அது. அதற்காகத் தம் செல்வத்தை ஒதுக்கிவைத்த ஜாம்ஷெட்ஜி டாட்டா 1904-லேயே காலமானார். ஆலயத்துக்கு வேண்டியவற்றைச் சேர்த்துவைத்த தாவீதைப்போல, கட்டி முடிந்ததை அவர் காணவில்லை. உள்ளே வீதிகளுக்கு மரங்களின் பெயர்கள். மே மாதத்தில் குல்மோகர் பூத்துத் தரையெல்லாம் சிவந்து கிடக்கும். மாலையில் மழை பெய்து ஓய்ந்தால் காற்று குளிர்ந்துவிடும்.

இத்தனை விரிந்த வளாகங்கள் இருந்தும், கோடையில் வருகிற எல்லாருக்கும் விடுதியில் கட்டில் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் மத்திகெரே, மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் பகுதிகளில் 'பி.ஜி.' என்னும் தனியார் விடுதிகளைத் தேடுகிறார்கள். பெற்றோரே, இங்கே ஞானமாய் நடந்துகொள்ளுங்கள். முன்பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்ப வரும், இரண்டே மாதத்தில் காலிசெய்தால் பிடித்தம் உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஓர் அறையில் எத்தனை பேர், இரவு வாயிற்கதவு எத்தனை மணிக்கு அடைக்கப்படும், ஆய்வகத்திலிருந்து திரும்பும் வழியில் வெளிச்சம் உண்டா என்று கேளுங்கள். கடிதம் வந்தவுடனே விடுதி கிடைக்குமா என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது எல்லாவற்றுக்கும் முந்தினது.

மேஜை

முதல் சில நாட்கள் ஆய்வுக்கட்டுரைகளை வாசிப்பதிலே கழியும். அதன்பின் கருவிகளைக் கையாளப் பழகுவார்கள். வேலை சூடுபிடிக்கும்போது பாதிக்காலம் கடந்துவிட்டிருக்கும். கடைசியில் அறிக்கை எழுத வேண்டும். தன் கல்லூரியில் முதல் மாணவனாயிருந்தவன் இங்கே எல்லாரிலும் கடையனாய் நிற்பான். அவனுக்கு இது புதிய பாடம்.

மும்பையிலிருந்து வந்த ஒரு தம்பி எங்கள் சபையிலுள்ள விதவைத் தாயார் ஒருவரின் பின்னறையில் தங்கியிருந்தான். ஐந்து வாரமாகியும் அவனுடைய சோதனையில் எதிர்பார்த்த முடிவு வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "நன்றாய்ப் போகிறது" என்றே சொல்லிவந்தான். இரண்டு எண்களைச் சற்றே திருத்தினால் போதும், வரைபடம் அழகாய் வந்துவிடும் என்ற சோதனை அவனுக்கு உண்டாயிற்று. ஒருநாள் இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன் அந்தத் தாயாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர்களுக்கு வேதியியல் தெரியாது. "வராததை வரலன்னே எழுதிரு மக்கா, மொதல்ல சாப்பிடு" என்றார்களாம். அவன் அப்படியே எழுதினான். வழிகாட்டியான பேராசிரியர் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்வதையே மீதி நாட்களின் வேலையாகக் கொடுத்தார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று பிரசங்கபீடத்திலிருந்து போதிக்கிறோம். அந்தப் போதனை சாப்பாட்டு மேஜையில் பலன்கொடுத்தது.

நாற்காலி

"பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று கேட்கிற பெற்றோர் உண்டு. 1933-இல் கமலா பாகவத் என்ற இளம்பெண் இதே அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதனாலேயே இயக்குநர் சர் சி.வி. ராமன் இடம் மறுத்தார். கமலா பின்வாங்கவில்லை. நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டு, தம் உழைப்பினாலே அவர் மனதை மாற்றினார். பின்பு கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1940-இல் பீர்மேட்டைச் சேர்ந்த அன்னா மாணி ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர்கள் போராடிப் பெற்ற நாற்காலியில் உங்கள் மகள் உட்கார வேண்டாமா? பத்திரமான தங்குமிடம் ஆயத்தமானால் பாதிப் பயம் நீங்கும்.

குத்துவிளக்கு

விஞ்ஞானம் விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறீர்களா? தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். ஆனாலும் தன்னைத் தீட்டுப்படுத்தவில்லை. கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வகத்தின் பழைய வாயிற்கதவில் 111-ஆம் சங்கீதத்தின் 2-ஆம் வசனம் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கர்த்தருடைய கிரியைகளை விரும்பி ஆராய்கிறவர்களைப் பற்றிய வசனம் அது. கல்வியைக்காட்டிலும் தனிமையே பிள்ளையின் ஜெபத்தை அதிகமாய்க் குளிரச்செய்கிறது. தெரியாத நகரத்தில், முதல் ஞாயிற்றுக்கிழமை அழைப்பாரின்றி அறையிலே கழிந்தால், இரண்டாம் ஞாயிறும் அப்படியே கழியும். தானியேலுக்குக்கூட பாபிலோனில் ஜெபத்துக்குத் துணையாக மூன்று தோழர்கள் இருந்தார்கள்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளை புறப்படுமுன்னே உங்கள் போதகரிடம் சொல்லி, அந்த நகரத்துச் சபைக்கு ஒரு கடிதம் வாங்கியனுப்புங்கள். பெங்களூரு, புனே, ஐதராபாத், தில்லி நகரங்களிலுள்ள தேவ பிள்ளைகளே, ஏப்ரல் மாதத்திலேயே சபையில் விசாரித்து வையுங்கள். அறை கொடுக்க முடியாதவர்கள் ஞாயிறு மதிய உணவைக் கொடுக்கலாம். அதுவும் முடியாதவர்கள் முன்பணம் கொடுக்குமுன் அந்த விடுதியை நேரில் போய்ப் பார்த்துச் சொல்லலாம்.

உனக்கு என்ன செய்யவேண்டும் என்று எலிசா கேட்டனுப்பினபோது, தான் தன் ஜனத்தின் நடுவே குடியிருப்பதாகச் சூனேமியாள் சொன்னாள். அவளுக்குச் சுற்றிலும் சொந்த ஜனம் இருந்தது. நாமோ சொந்த ஜனத்தை விட்டு வந்தவர்கள். அன்னிய நகரத்தின் முதல் இரவு எப்படிப்பட்டது என்பதை நாம் நன்றாய் அறிந்திருக்கிறோம். அறிந்திருக்கிற நாமே கதவைத் திறக்காவிட்டால், அந்தப் பிள்ளைகளுக்கு வேறு யார் திறப்பார்கள்?

இந்தக் கோடையில் கர்த்தர் உங்கள் வீட்டு வாசலையும், உங்கள் பிள்ளைகளின் பாதையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.