எரிமலை மண்ணில் ஒரு பருப்பு! பிரான்ஸ் மலைப்பாதையில் தனியாக நடந்த காரைக்கால் பெண் விவசாயி

காரைக்கால் பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் உளுந்தும் போடும் அந்த அம்மாவுக்கு வயது 63. கணவர் காலமாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. தங்கை வாழ்க்கைப்பட்டது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில். 1962-ல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. தங்கை இப்போது பாரிஸ் புறநகரில் இருக்கிறார். ‘ஒரு தடவை வந்துட்டுப் போக்கா’ என்று பல வருடமாகக் கூப்பிட்டவர், அக்கா போட்ட திட்டத்தைக் கேட்டதும் பதறிப்போனார். ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க அக்கா வரவில்லை. பன்னிரண்டு நாள் தனியாகக் கிராமங்களைச் சுற்ற வேண்டுமாம்! ‘அந்த ஊர்ல விவசாயம் எப்படிப் பண்றாங்கன்னு பார்க்காம, அவ்வளவு தூரம் எதுக்குடி வரணும்?’ என்பது அவருடைய கேள்வி.

நாள் குறிப்பதில் குழப்பமே இல்லை. உளுந்து அறுவடை முடிந்து, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்குள் ஊர் திரும்பியாக வேண்டும். அதனால் மே மாதம். கையில் இருந்தது மூன்று வருட உளுந்துப் பணமும் இரண்டு கன்றுக்குட்டி விற்ற பணமும்தான். விசாக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். உறவினர் வீட்டில் தங்குவதென்றால், அந்த உறவினர் தன் ஊர் நகரமன்றத்தில் 30 யூரோ முத்திரைக் கட்டணம் செலுத்தி அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டார்.

அந்த நோட்டில் அடித்துவிட்ட வரி ஒன்று உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, ரயில் கட்டணத்தில் 30 சதவிகிதம் குறையும் அட்டை ஒன்று வருடத்துக்கு 49 யூரோவில் கிடைக்கிறது. வாங்கச் சொன்னார்கள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று இரண்டே பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதைவிட முன்கூட்டியே பதிவு செய்தால் டிக்கெட் விலை பாதியாகக் குறைகிறது. மாட்டுச் சந்தையில் பேரம் பேசிப் பழகியவருக்கு இது புரிய நேரம் ஆகவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம். பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் அது. அங்கே மில்லே என்ற ஓவியர் 1857-ல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். தூரத்தில் மலைபோல் போர். பக்கத்தில் குதிரைமேல் கண்காணிப்பவர். வேறு எந்தப் படத்தின் முன்னாலும் நிற்காத அந்த அம்மா, இதன் முன்னால் கால் மணி நேரம் நின்றார். சின்ன வயதில் அவரும் கதிர் பொறுக்கியவர்தான்.

அடுத்து, பாரிஸிலிருந்து மூன்றரை மணி நேர ரயிலில் கிளர்மோன்-ஃபெரான். அங்கிருந்து சின்ன ரயிலில் லெ புய்-ஆன்-வெலே. எரிமலைப் பாறைகள் மேல் கட்டிய ஊர். ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ தேவாலயத்துக்கு நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதை இங்கே தொடங்குகிறது. தனியாகப் போகும் பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான, செலவு குறைந்த பாதை பிரான்ஸில் அரிது. சில கிலோமீட்டருக்கு ஒரு தங்குமிடம் உண்டு. ஒரு படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை உணவு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 45 யூரோ. பத்து யூரோ போலக் கொடுத்தால், பையை வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். மே மாதத்தில் அந்த நாட்டில் விடுமுறை நாட்கள் அதிகம் என்பதால், படுக்கைகளை மார்ச் மாதமே தங்கை போனில் பேசிப் பதிவு செய்துவிட்டார். தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் வர வேண்டும் என்பது தங்கை போட்ட ஒரே நிபந்தனை.

சனிக்கிழமை லெ புய் சந்தை. அங்கேதான் கரும்பச்சை நிறத்தில் அந்தப் பருப்பைப் பார்த்தார். லெ புய் பச்சைப் பருப்பு! மறுநாள் நடந்தபோது பாதையின் இருபுறமும் அதே பயிர், விரல் நீளத்துக்கு முளைத்து நின்றது. அன்று தங்கிய வீட்டுக்காரர்களும் விவசாயிகள்தான். போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு அம்மாவும் இவரும் ராத்திரி பத்து மணி வரை பேசினார்கள். மார்ச், ஏப்ரலில் விதைப்பு. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அறுவடை. உரம் கிடையாது, பாசனமும் கிடையாது. எரிமலை மண்ணும் மலைக் காலநிலையும்தான் முதலீடு. 1996-ல் இந்தப் பருப்புக்கு அரசின் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட முறையில் விளைந்தால் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம்.

‘எங்க உளுந்தும் அப்படித்தாம்மா! நெல்லு நிக்கிறப்பவே தை மாசத்துல தெளிச்சுடுவோம். தண்ணி பாய்ச்சுறதே இல்ல. வயல்ல இருக்குற ஈரத்துலயும் பனியிலயும் வந்துடும்’ என்றார் இவர். அந்த அம்மா கேட்ட அடுத்த கேள்வி, ‘உங்கள் உளுந்துக்கு என்ன பெயர்?’ உளுந்து என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. வியாபாரி சொல்வதுதான் விலை என்று சொல்ல, செயலியில் அவருக்கு வார்த்தை வரவில்லையாம்.

நான்காம் நாள் சோதனை வந்தது. மொனிஸ்ட்ரோல் என்ற ஊருக்கு இறங்கும் பாதை செங்குத்து. மழை வேறு. கல் வழுக்கி, இடது முழங்கால் மடங்கிவிட்டது. போனில் சிக்னலும் இல்லை. பின்னால் வந்த இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஊர்வரை இறக்கிவிட்டார்கள். மணி எட்டு. அதற்குள் தங்கை 112-ஐ அழைக்கப் போயிருந்தார். ஐரோப்பா முழுக்க அவசர உதவிக்கு அந்த எண்தான். ‘நாளைக்கே ரயில் ஏறி வந்துடுக்கா’ என்று அழுதார். மொனிஸ்ட்ரோலில் ரயில் நிலையமும் இருக்கிறது. ஏறியிருக்கலாம்.

அந்த அம்மா ஏறவில்லை. பை ஏற்றும் வேன் ஆளையும் ஏற்றும் என்று தெரிந்துகொண்டு, அடுத்த ஊரான சோக் போனார். பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடையில் முழங்காலைக் காட்டி, உறையும் களிம்பும் வாங்கினார். இரண்டு நாள் ஓய்வு. அதன்பிறகு காலையில் ஐந்தாறு கிலோமீட்டர் நடை, மிச்சத்துக்கு வேன். பிடிவாதம் என்று சொல்லலாம்தான். ஆனால், வலியோடு நாற்று நட்ட நாட்கள் அவருக்கு எத்தனையோ.

மதியச் சாப்பாட்டில் பணம் மிச்சமானது. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எல்லாம் ஏழு யூரோவுக்குள். ஞாயிறு, திங்களில் கடைகள் மூடிவிடும் என்பதால் சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஷூர்’ சொல்லாவிட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டார்.

மே 25-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ஒப்ராக் பீடபூமிக்குப் போய்ச் சேர்ந்தார். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இருந்த மாடுகளை மலை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும் திருவிழா. அக்டோபர் நடுவில்தான் கீழே இறங்குமாம். செம்பழுப்பு நிறம், மை தீட்டியதுபோல் கறுத்த கண் ஓரம். தலையில் பூவும் கொடியும், கழுத்தில் பெரிய மணி. மாட்டுப் பொங்கல்தான்! ஐரோப்பியர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு பசுவின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

பன்னிரண்டு நாளுக்கும் ரயில், வேன், மருந்து எல்லாம் சேர்த்து 850 யூரோவுக்குள் முடிந்தது. விமான டிக்கெட்டும் விசாவும் தனி.

தங்கை வீட்டுக்குத் திரும்பியதும் லெ புய் பருப்பில் சாம்பார் வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் குழையவில்லை. மறுநாள் தேங்காய் போட்டுச் சுண்டல் செய்தார்கள். அது சரியாக வந்தது.